பின்னாடி கவனிங்க

ஜூன் 2

தடியனுக்கு,

போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். செய்தி அனுப்பினால் திறந்து பார்க்க மாட்டேன் என்கிறாய். தீவுக்குப் போன பிறகு ரொம்பத்தான் கிராக்கி பண்ணிக்கொள்கிறாய். அதனால்தான் பழைய காலத்து மனுஷி மாதிரி காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். படகில் வந்த கடிதத்தைத் திருப்பி அனுப்பும் அளவுக்கு உனக்குச் சுறுசுறுப்பு கிடையாது என்று எனக்குத் தெரியும்.

உன் பேட்டியைப் பார்த்தேன். நான் என்ன, எங்கள் சேனல் ஆபீஸே பார்த்தது. "இணையத்துல இருக்கிற பெரிய மியூசிக் சேனல்கள் ஜாஸைப் போதுமான அளவு கவனிக்கிறாங்களா?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். நீ உன் டபுள் பாஸை, ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற அந்தக் கட்டையை, கட்டிப் பிடித்துக்கொண்டு, "கவனிக்காம என்ன, எங்க அக்காவுக்கு வாரத்துக்கு ஒரு மணி நேரம் பிச்சை போடுறாங்களே" என்கிறாய். எங்கள் மேலாளர் அந்த இடத்தை மட்டும் நிறுத்தி மறுபடி போட்டுக் காட்டினார். அவர் கோபப்படவில்லை, சிரித்தார். அவர் சிரித்தால்தான் எனக்குப் பயம்.

ஞாயிறு மதியம் மூன்று மணி என்பது ஊரே சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நான் கேட்டு வாங்கியிருக்காவிட்டால் அந்த ஒரு மணி நேரமும் ஏதோ ஒரு சினிமா விளம்பரத்துக்குப் போயிருக்கும். என் வீட்டுக் கடைசி அறையில் உட்கார்ந்து, நேரலையில், எனக்குப் பிடித்ததைப் போடுகிறேன். பாட்டுக்கு நடுவே நான் வழக்கமாகச் சொல்வது என்ன தெரியுமா? "முன்னாடி வாசிக்கிறவங்களை விடுங்க. பின்னாடி கவனிங்க." சின்ன வயதிலிருந்து "பின்னாடி நிக்கிற என்னை ஒருத்தனும் கேக்கிறதில்லை" என்று நீ மூக்கைச் சிந்தியதால்தான் அந்த வாக்கியமே வந்தது.

இன்னொரு விஷயம். எழுதலாமா வேண்டாமா என்று இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். எத்தனை பேர் எதுவரை கேட்கிறார்கள் என்று ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஒரு கோடு காட்டும். டபுள் பாஸ் தனியாக வாசிக்க ஆரம்பித்ததும் கோடு பொத்தென்று விழும். முடியும்போது பெரும்பாலும் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். 'கடைசிவரை' என்பது அந்த ஆள் வைத்துக்கொண்டிருக்கிற பெயர். முதலில் நன்றி சொல்லித்தான் எழுதிக்கொண்டிருந்தான். போன வாரம் என் வாக்கியத்தையே எனக்கு அனுப்பியிருந்தான். "பின்னாடி கவனிங்க." அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒன்றுமில்லை.

ரசிகனாகத்தான் இருக்கும். ஆனாலும் நம் பேச்சில் 'கவனிச்சுக்கிறேன்' என்று ஒருவர் சொன்னால் அது அன்பா அடியா என்பது அவர் முகத்தைப் பார்த்தால்தானே தெரியும்? எழுத்துக்கு முகம் கிடையாது. ஒரு ஞாயிறு என் நிகழ்ச்சியைக் கேட்டுப் பார். உன் காது என் காதைவிட நல்ல காது.

அக்கா

*

ஜூன் 8

அக்காவுக்கு,

கிராக்கி எல்லாம் ஒன்றுமில்லை. பேசினால் சண்டை வரும் என்றுதான் பேசுவதில்லை. இங்கே ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க வாசிக்கிறேன். தட்டும் கரண்டியும் என்னைவிடச் சத்தமாக வாசிக்கின்றன. நேற்று ஒருவர் எழுந்து வந்தார், ஏதோ பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்தேன். போன் பேச வேண்டும், கொஞ்சம் நிறுத்த முடியுமா என்றார்.

பிச்சை என்று சொன்னதை வாபஸ் வாங்க மாட்டேன். எங்கள் குழுவின் இசைத்தட்டை உங்கள் சேனல் எங்கே வைத்திருக்கிறது என்று பார்த்தாயா? 'படிக்கும்போது கேட்க' என்ற வரிசையில். அதற்கும் கீழே 'குழந்தை தூங்க' என்று இன்னொன்று. அதில் என் தனியை வெட்டி எடுத்துவிட்டார்கள். கேட்டால், லட்சம் பேர் கேட்கிறார்கள், இதற்கு மேல் ஜாஸுக்கு என்ன கவனம் வேண்டும் என்பார்கள். கேட்கிற லட்சம் பேரும் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்கள் அக்கா. இதற்குப் பதிலாகப் பாட்டையே போடாமல் விட்டிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும்.

கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுவது உனக்கு எப்போதும் கைவந்த கலை. ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒப்பேற்ற முடியாமல் போய்விட்டது உனக்கு. நீ பியானோ, மாமா டிரம்ஸ், நான் பின்னால். மூன்று பேரும் சேர்ந்தால் ஊரில் நம்மை அடிக்க ஆள் இல்லை. திடீரென்று ஒருநாள் ஒத்திகைக் கூடத்துப் பியானோவைத் திருப்பிப் போட்டாய். இத்தனை வருஷம் இடப்பக்கம் நின்றவனை வலப்பக்கம் நிற்கச் சொன்னாய். அதிலிருந்தே எல்லாம் கோணல். பிறகு மூடியைச் சாத்தி, "இனிமே வாசிக்கலை" என்றாய். பிறகு மாமாவை வீட்டை விட்டு அனுப்பினாய். ஏன் என்று கேட்டால் "ஒத்து வரலை" என்று ஒரே வார்த்தை. அந்த மனுஷன் என் அறையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். மூன்று பேர் பிழைப்பை ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு, இப்போது வாரம் ஒரு மணி நேரம் அடுத்தவர் வாசித்ததைப் போட்டுக்கொண்டிருக்கிறாய். எனக்கு ஆறவில்லை.

உன் ரசிகன் விஷயம் படித்துச் சிரித்தேன். ஜாஸ் நிகழ்ச்சியைக் கடைசிவரை கேட்க ஒருத்தன் கிடைத்தால் அவனைக் கையெடுத்துக் கும்பிடுவாயா, பயப்படுவாயா? இங்கே இணையம் வரவேற்பு மேசைப் பக்கம்தான் எடுக்கும். முடிந்தால் கேட்கிறேன்.

தம்பி

*

ஜூன் 15

தடியா,

உன் மாமா விஷயத்துக்கு நான் பதில் எழுதப் போவதில்லை.

நல்ல செய்தி முதலில். உன் பேட்டிக்குக் கீழே நிறைய பேர் எங்கள் சேனலைத் திட்டி எழுதியிருக்கிறார்கள். மேலாளர் கூப்பிட்டு, ஜூலை முதல் ஞாயிறிலிருந்து ஜாஸுக்குத் 'தனிக் கவனம்' என்றார். புதுப் படம், புது அறிவிப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகச் சுத்தமான ஒலி. மற்ற நிகழ்ச்சிகளை எல்லாம் ஒரு மென்பொருள் வழியாக விட்டுத்தான் ஒலிபரப்புவார்கள். மின்விசிறி இரைச்சல், நாற்காலி கிரீச், மூச்சு, எல்லாவற்றையும் அது துடைத்துவிடும். என் நிகழ்ச்சியை மட்டும் யாரும் தொட்டதில்லை, அப்படியே பச்சையாகப் போகிறது. இனி அதையும் துடைப்பார்களாம். கூடவே, டபுள் பாஸ் தனிகளைக் கொஞ்சம் சுருக்க முடியுமா என்றார். காது கேட்காத மாதிரி எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது மற்றது. போன வாரம் அந்தக் கடைசிவரை, "உங்க நாற்காலிக்குப் பின்னாடி மரச்சட்டம் இருக்கா?" என்று எழுதியிருந்தான். இருக்கிறது. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன், இடப்பக்கப் பின்னால் கதவு நிலை. இது அவனுக்கு எப்படித் தெரியும்? ஜன்னலைத் திறந்து பார்த்தேன், எதிரே தண்ணீர்த் தொட்டிதான். நேற்று எழுதியிருப்பது இன்னும் விசித்திரம். "நீங்க பேசிக்கிட்டே எப்படித் தண்ணி குடிச்சீங்க?"

நிகழ்ச்சியில் நான் தண்ணீர் குடிப்பதில்லை. பாட்டு ஓடும்போதும் மைக்கை அணைக்காதவள் நான். நடுவில் "இதோ, இப்ப கேளுங்க" என்று சொல்ல வேண்டுமே. மடக்கென்று ஒரு சத்தம் போனாலும் கேட்டுவிடும் என்று தொண்டை காய்ந்தாலும் குடிக்க மாட்டேன். ஹெட்போனில் எனக்குப் பாட்டைத் தவிர வேறொன்றும் விழாது.

முடிந்ததும் சமையலறைக்குப் போனால் ஒரு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அடியில் ஈரம். எப்போது கழுவினேன் என்று யோசித்துப் பார்த்தேன், நினைவில்லை. வயதாகிறது போல. போனை நிகழ்ச்சி நேரத்தில் ஹாலில் வைத்துவிடுவேன். அவன் செய்தி அப்போதுதான் வந்திருக்க வேண்டும், ஆனால் ஏற்கெனவே யாரோ திறந்து படித்த மாதிரி காட்டியது. போனுக்கும் வயதாகிறது என்று வைத்துக்கொள்வோம்.

துணி தேய்க்கிறவர் ஞாயிறு மதியம்தான் வருவார். பெல் அடித்தால் நிகழ்ச்சியில் விழும் என்று வாசல் கதவைப் பூட்டாமல் சாத்தி மட்டும் வைப்பேன். துணியை ஹாலில் வைத்துவிட்டுப் போவார். இதை ஒருமுறை நிகழ்ச்சியிலேயே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். இன்று அவரைப் பிடித்து, உள்ளே வந்து தண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டேன். ஹாலைத் தாண்டி நான் எதுக்கும்மா வரப்போறேன் என்று முகம் சுண்டிப் போனார். பாவம்.

சிரிக்காமல் ஒரு தடவை கேள். நேற்று ஆலாபனை மாதிரி மெதுவாகப் போகிற பாட்டைக்கூட என்னால் ரசிக்க முடியவில்லை. முதுகு மட்டும் தனியாக விழித்துக்கொண்டிருந்தது.

அக்கா

*

ஜூன் 22

கள்ளி அக்காவுக்கு,

பிடித்துவிட்டேன். என்னிடமே மறைக்கப் பார்க்கிறாயா?

நேற்று வரவேற்பு மேசைப் பெண்ணிடம் கெஞ்சி நல்ல ஹெட்போன் ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு மணி நேரமும் உட்கார்ந்தேன். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நன்றாகப் பேசுகிறாய். நான் வாயைத் திறந்தால் வசவு வருகிற இடத்தில் உனக்குக் கதை வருகிறது. பிச்சை என்று சொன்னதற்குப் பாதி வருத்தப்படுகிறேன், மீதியை உங்கள் மேலாளருக்காக வைத்திருக்கிறேன்.

நீ "பின்னாடி கவனிங்க" என்றதும் சிரித்துக்கொண்டே கவனித்தேன். இசைத்தட்டில் வாசிக்கிற ஆளுக்கும் பின்னால், உன் அறையில், யாரோ விரலால் மரத்தில் தாளம் தட்டுகிறார்கள். நாலு நாலாக எண்ணினால் இரண்டிலும் நாலிலும் விழுகிற தட்டு. இரண்டாவது கச்சிதம். நாலாவது ஒரு மயிரிழை தாமதம். அக்கா, அந்த நாலாவது தட்டோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றவன் நான். இந்த உலகத்தில் அப்படித் தட்ட ஒரே ஒரு மனுஷனால்தான் முடியும்.

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார் என்று ஏன் சொல்லவில்லை? எழுந்து நின்று கத்திவிட்டேன். வரவேற்புப் பெண் பயந்துபோனாள்.

உடனே பழைய நிகழ்ச்சிகளையும் போட்டுக் கேட்டேன். எல்லாவற்றிலும் இருக்கிறார். போன மாதம் ஹாலில் எங்கோ தள்ளி நின்று தட்டுகிறார். இந்த மாத ஆரம்பத்தில் கதவு நிலையில். அடுத்த வாரம் டம்ளரை எடுத்து மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கிறார், நீ பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கிறாய். குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிற மனுஷன் வேறு யார் இருக்கிறார்கள் நம் வீட்டில்? நேற்று உன் நாற்காலியின் முதுகிலேயே தட்டினார், இல்லையா? அவர் மூச்சுகூடக் கேட்டது, அவ்வளவு கிட்டே. கொஞ்சம் கொஞ்சமாகச் சமாதானம் ஆகிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். உன் ரசிகனும் பைத்தியம் இல்லை, பிரமாதமான காது அவனுக்கு.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுத வரவில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் வந்துவிடுகிறேன், மூன்று பேரும் மறுபடி உட்காருவோம். நாலாவது தட்டை இன்னுமா திருத்திக்கொள்ளவில்லை என்று நான் கேட்டதாக மாமாவிடம் சொல்.

தம்பி

*

ஜூன் 25

தம்பி,

வீட்டில் யாரும் இல்லை. யாரும் திரும்பி வரவில்லை. நான் தனியாகத்தான் இருக்கிறேன்.

உன் கடிதத்தை மாடிப்படியில் நின்றுகொண்டே படித்தேன். படித்த பிறகு என் வீட்டுக்குள் போக முடியவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டே எதிர் வீட்டுத் தையற்காரம்மாவின் கதவைத் தட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்து உட்கார வைத்தார். இரண்டு நாள் அங்கேயே இருந்துகொள்ளச் சொல்லியிருக்கிறார். இதை அவர் தையல் மேசையில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

நான் சொல்லாமல் இருந்ததை இப்போது சொல்கிறேன். எனக்கு இடது காது கேட்காது. குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று உன்னிடம் சொன்ன அந்த வாரத்திலிருந்து கேட்காது. வழுக்கவில்லை. அன்றைக்கு ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்து, "நாலாவது தட்டு கொஞ்சம் லேட்டா விழுதுங்க" என்று சொன்னேன். அதற்குக் கிடைத்தது. நீ அதையே சொன்னால் சிரிப்பார். நான் சொன்னது வேறு. அது முதல் தடவையும் இல்லை. பியானோவைத் திருப்பிப் போட்டது உன்னை வலது காதால் கேட்பதற்காக. அதிலும் சரியாகக் கேட்காமல் போனதால்தான் மூடியைச் சாத்தினேன். 'ஒத்து வரலை' என்பதற்குள் இவ்வளவும் இருந்தது. உனக்கு அவர் மேல் உயிர். உன்னிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு மனசு வரவில்லை.

அவர் போனதும் பூட்டை மாற்றினேன். ஆனால் ஞாயிறு மதியம் மூன்றிலிருந்து நாலு வரை கதவு திறந்திருக்கும், நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பேன் என்று ஊருக்கே நானே சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறார். என் நாற்காலியைத் தொட்டிருக்கிறார். நான் சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

காவல் நிலையத்துக்குப் போனேன். என்ன திருட்டுப் போனது என்றார்கள். ஒன்றும் இல்லை. யாராவது பார்த்தார்களா? இல்லை. ஒரு டம்ளர் கழுவியிருந்தது என்று சொன்னபோது எனக்கே கேவலமாக இருந்தது. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினேன். அதிகாரி தன் போனில் வைத்துக் கேட்டுவிட்டு, பாட்டுத்தானேம்மா கேக்குது என்றார். தவறு சொல்ல முடியாது. உனக்குக் கேட்கிறது, அந்தக் கடைசிவரைக்குக் கேட்கிறது. ஜூலை ஐந்திலிருந்து சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டால் உங்களுக்கும் கேட்காது. அவர் இருப்பார், சத்தம் இருக்காது.

இந்த ஞாயிறு பழைய நிகழ்ச்சி ஒன்றைப் போட்டுவிட்டு ஆபீசில் இருப்பேன். போன் செய்யாதே, செய்தி அனுப்பாதே. என் போனை அவர் என்ன செய்து வைத்திருக்கிறார் என்று தெரியவில்லை. ஆபீஸ் விலாசத்துக்கு மட்டும் எழுது.

அக்கா

*

ஜூன் 29

அக்கா,

படகிலிருந்து கடிதத்தை வாங்கி அங்கேயே பிரித்தேன். பிறகு எப்படி அறைக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

எத்தனையோ தடவை என் வலப்பக்கம் நடக்காமல் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்திருக்கிறாய். ஏதோ பழக்கம் என்று நினைத்தேன். அந்த ஆள் அழுததைப் பார்த்த எனக்கு உன் காது தெரியவில்லை. பின்னால் இருப்பதைக் கேட்கத் தெரிந்தவன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறேன். செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. நான் அனுப்பிய அந்தச் சந்தோஷக் கடிதத்தை நீ மாடிப்படியில் தனியாக நின்று படித்தாய் என்பதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உன் ஆபீசுக்குப் போன் செய்தேன். விளம்பரத்துக்கு ஒன்றை அமுக்கவும், புகாருக்கு இரண்டை அமுக்கவும் என்று ஒரு இயந்திரம் பேசிக்கொண்டே இருந்தது. எல்லா எண்ணையும் அமுக்கினேன். கடைசியில் ஜாஸ் போட்டார்கள். காத்திருக்கும்போது கேட்பதற்கு.

ஒப்பந்தத்தை உடைத்துக்கொண்டு வியாழக்கிழமைப் படகில் கிளம்புகிறேன். ஞாயிறுக்குள் உன் வீட்டில் இருப்பேன். அதுவரை மைக் முன்னால் உட்காராதே. நிகழ்ச்சி நாசமாகப் போகட்டும். ஜாஸை யார் கவனித்தால் என்ன, கவனிக்காவிட்டால் என்ன. எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. இன்று மதியம் வாசிக்கும்போது யாரோ மேசையில் விரலால் தட்டினார்கள், வில்லைக் கீழே போட்டுவிட்டேன்.

தம்பி

*

ஜூலை 8

தம்பி,

நீ வரவில்லை. கடல் சரியில்லை, படகே விடவில்லை என்று துறைமுக அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் உன் மேல் கோபம் இல்லை. ஞாயிறு நீ கேட்டுக்கொண்டிருந்திருப்பாய் என்று தெரியும். ஆனால் எங்கே என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் புரிந்திருக்கும், அதனால் முழுக்க எழுதுகிறேன்.

நான் ஆபீசில் இருந்த அந்த முந்தைய ஞாயிறே அவர் வந்திருக்கிறார். தையற்காரம்மா கதவுத் துளை வழியாகப் பார்த்தார். தேய்த்த சட்டை, தலை வாரியிருக்கிறது. உள்ளே நான் இருப்பதாக நினைத்துக் கைப்பிடியைத் திருப்பி, பூட்டியிருக்கிறது என்று தெரிந்ததும் கொஞ்ச நேரம் நெற்றியைக் கதவில் வைத்து நின்றாராம். இதைக் காவல் நிலையத்தில் சொன்னோம். கைப்பிடியைத் திருப்பியதற்கெல்லாம் வழக்குப் போட முடியாது, மறுபடி வந்தால் கூப்பிடுங்கள் என்றார்கள். வந்துவிட்டுப் போன பிறகு கூப்பிட்டால் மறுபடி நான் டம்ளர் கதைதான் சொல்ல வேண்டும். அதனால் அவர் வரும்போதே ஊர் கேட்கட்டும் என்று மைக் முன்னால் உட்காருவதாக முடிவு செய்தேன்.

மேலாளரிடம் போய், "இன்னும் ஒரே ஒரு வாரம் எங்களைக் கவனிக்காம இருங்க சார்" என்று கேட்டேன். ஜாஸுக்குக் கவனம் வேண்டாம் என்று கெஞ்சின முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அடுத்த வாரத்திலிருந்து டபுள் பாஸ் தனிகளை வெட்டிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டால் சுத்தம் செய்வதைத் தள்ளி வைப்பதாகச் சொன்னார். சரி என்றேன். உன்னிடம் கேட்காமல் உன்னை விற்றுவிட்டேன், திட்டுவதாக இருந்தால் நேரில் திட்டு.

ஞாயிறு மேசையையும் மைக்கையும் ஹாலுக்கு இழுத்து வந்து, வாசல் கதவுக்குக் கை எட்டும் தூரத்தில் போட்டேன். கதவைப் பூட்டி, தாழ்ப்பாளும் போட்டேன். ஹெட்போன் வேண்டாம் என்று பாட்டை ஸ்பீக்கரில் விட்டு, வலது காதைக் கதவுப் பக்கம் வைத்து உட்கார்ந்தேன். தையற்காரம்மா எதிர் வீட்டில் துளையில் கண்ணை வைத்துக்கொண்டு, ஒரு கையில் போன், ஒரு கையில் பெரிய கத்தரிக்கோல். முதல் பாட்டுக்கு நான் சொன்னது எனக்கே புரியவில்லை.

அந்த மெதுவான பாட்டு ஓடும்போது கைப்பிடி திரும்பியது. நின்றது. பிறகு தட்டல் ஆரம்பித்தது. முதல் தடவையாக அதை நானே கேட்டேன். விரல் நுனியால், மெல்ல, பாட்டோடு சேர்ந்து. நாலாவது தட்டு விழும்போதெல்லாம் என் உடம்பு தானாகச் சுருங்கியது. இத்தனை வருஷம் கழித்தும் சுருங்குகிறது. மைக்கை எடுத்துக் கதவில் ஒட்டி வைத்தேன். பாட்டு முடிந்தது. தட்டல் முடியவில்லை. வேறு ஒரு சத்தமும் இல்லாமல் அது மட்டும் போய்க்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகுதான் பேசினார், நீ கேட்டிருப்பாய்.

"இப்ப நாலாவது சரியா விழுதா? சொல்லு."

அழுதுவிடுவேன் என்றுதான் நினைத்தேன். பழக்கதோஷம், வாயில் வேறு வந்தது. "முன்னாடி வாசிச்சவங்களை விடுங்க. இது என் வீட்டு வாசக்கதவு. வெளியில நிக்கிறவர் என் புருஷனா இருந்தவர். என் இடது காது இவரால போச்சு. வாரா வாரம் என் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னிருக்கார், எனக்குத் தெரியலை. பின்னாடி கவனிங்க" என்றேன். அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். தட்டுவதை நிறுத்திவிட்டு உள்ளங்கையால் ஓங்கி ஓர் அடி அடித்தார். அது தாமதமாக விழவில்லை. பிறகு அடிமேல் அடி. தையற்காரம்மா கூப்பிட்ட காவலர்கள் படியேறி வருகிற வரைக்கும் கதவு அதிர்ந்துகொண்டே இருந்தது. அதே அதிகாரிதான் வந்தார். இந்தத் தடவை அவருக்குக் கேட்டிருந்தது.

கடைசிவரைக்கு மறுநாள் புது போனிலிருந்து நன்றி எழுதினேன். அவன் இவன் என்று எழுதிக்கொண்டிருந்தேனே, அது ஒரு பெண். எப்படிக் கேட்டது என்றேன். "எங்க வீட்டுலயும் கதவு அப்படித்தான் மெதுவா திறக்கும்க்கா. திறக்கிற சத்தத்தை வச்சே அன்னைக்கு எப்படிப் போகும்னு தெரிஞ்சுக்குவேன். அந்தக் காதுதான்." ஏன் விளக்கமாக எழுதவில்லை என்று கேட்டதற்கு, "என் போனையும் ஒருத்தர் பார்ப்பாரு" என்று பதில் வந்தது. பிறகு அந்தக் கணக்கே இல்லை. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எனக்காகப் பயந்ததைவிட அவளுக்காகப் பயமாக இருக்கிறது. வரும் ஞாயிறு கோட்டின் முடிவில் அந்த ஒரு புள்ளி இருக்குமா என்று பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை.

மேலாளர் ஆகாயத்தில் மிதக்கிறார். ஜாஸ் நேரத்தை இத்தனை பேர் கேட்டதே இல்லையாம், கோடு கீழே வரவே இல்லையாம். வாரா வாரம் இந்த மாதிரி ஏதாவது பண்ண முடியுமா என்று கேட்டார். வேடிக்கைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டார். இசைத்தட்டில் இருக்கிற தனிகளை வெட்டிக்கொள்ளுங்கள், வாக்குக் கொடுத்துவிட்டேன், ஆளே நேரில் வந்து வாசித்தால் எப்படி வெட்டுவீர்கள் என்று கேட்டேன். யோசிக்கிறார்.

காவல் நிலையத்திலிருந்து அவரை விட்டுவிட்டார்கள். இந்தத் தெருப் பக்கம் வர மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறாராம், வழக்கு நடக்கும்போது கூப்பிடுவார்களாம். எனக்குப் பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய். மைக் மேசையைத் திருப்பிப் போட்டுவிட்டேன், இப்போது கதவு எனக்கு நேர் எதிரே. ஆனால் வீட்டுப் பியானோவை அப்படித் திருப்ப முடியாது. கனம், சுவரை ஒட்டித்தான் நிற்கும். உட்கார்ந்தால் கதவு முதுகுக்குப் பின்னால்தான் வரும். அன்றிலிருந்து தினமும் மூடியைத் திறக்கிறேன். இரண்டு கட்டையை அமுக்குவேன், திரும்பிப் பார்ப்பேன், மூடிவிடுவேன்.

கடல் சரியாகிவிட்டது என்கிறார்கள். உன் கட்டையைத் தூக்கிக்கொண்டு வா. வாசிக்காவிட்டாலும் பரவாயில்லை. வந்து பின்னாடி நில்லு.

அக்கா